உட்கார்ந்தபடியே ஒரு உடற்பயிற்சி

நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு செய்வதெல்லாம் உடற்பயிற்சியா என்று சிரித்தவன்தான் நானும். அப்பா ஆஸ்பத்திரியில் 10 நாள் படுத்திருந்துவிட்டு எழுந்தபோது தொடை தொளதொளத்துப் போயிருந்ததைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை; படுத்தே கிடந்தால் தசை அவ்வளவு வேகமாகக் கரைகிறது, வயதானவர்களுக்கு இன்னும் வேகமாக.

பிசியோதெரபிஸ்ட் முதலில் பார்த்தது நாற்காலியைத்தான். ஆடக் கூடாது, பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும், சக்கர நாற்காலி என்றால் பிரேக் போட்டாக வேண்டும். அப்புறம் குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவது, பிறகு அதையே மாற்றி, முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது, அவ்வளவுதான். பார்க்க ஒன்றுமில்லை போலிருக்கும், ஆனால் கெண்டைக்கால் தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் காலில் தேங்கிய ரத்தத்தை இதயத்தை நோக்கிப் பிழிந்து தள்ளுகிறது. அடுத்து, முழங்காலை நீட்டி 5 எண்ணும்வரை பிடிப்பது. அப்பா அதில் மூச்சை அடக்கிக்கொள்வார், அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும் என்று சத்தமாக எண்ணச் சொன்னார்கள். எண்ணுகிறவர் மூச்சை அடக்க முடியாதே!

நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும், அறுவை சிகிச்சை ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கவே வேண்டாம். இதைக் கூட்டமாகச் சொல்லிக்கொடுக்கும் இடங்களில் எனக்குப் பிடிக்காத ஒன்று, பெரியவர்களை வட்டமாக உட்கார வைத்துக் குழந்தைகளிடம் பேசுவது போலப் பேசுவது.

3-வது வாரம் அப்பா கைப்பிடியைப் பிடிக்காமல் எழுந்து நின்றார். நின்றதும் டிவி ரிமோட் எங்கே என்று கேட்டார்.