சலகெருது பார்க்க உடுமலைப் பக்கம் போங்கள்

பொங்கல் லீவு விட்டதும் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கிளம்பி மலைப்பாதையில் காரோடு காராக நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அடுத்த தையில் சலகெருது என்கிற காளை ஆட்டம் பார்க்க உடுமலைப்பேட்டைப் பக்கம் போங்கள். எப்படிப் போவது, எவ்வளவு ஆகும், என்ன பார்ப்பது என்று வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து பாலக்காடு போகும் ரயில் சேலம், கரூர், திண்டுக்கல், பழனி வழியாக உடுமலைக்கே நேராகப் போகிறது. அதைவிடச் சுகமான வழி கிடையாது. ஆனால் 60 நாளுக்கு முன்னால் முன்பதிவு திறந்த காலையிலேயே உட்கார்ந்தும் எங்களுக்குக் காத்திருப்போர் பட்டியல்தான். வேறு வழியில்லாமல் ஆம்னி பஸ். மற்ற நாளில் 800 ரூபாய்க்குப் போகிற சீட்டுக்கு 2,200 கேட்டார்கள். நாலு பேருக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கொடுத்த காசுக்காவது ஒழுங்கான வண்டியா? கிளாம்பாக்கத்துக்கு ஒன்பது மணிக்கு வரவேண்டியது பதினொன்றரைக்கு வந்தது. ஏசியிலிருந்து மகன் தலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கிளீனரிடம் சொன்னால், "துண்டு போட்டுக்கங்க சார்" என்றார் என் வீட்டுக்காரரிடம். நடுராத்திரியில் நிறுத்திய மோட்டலில் வெந்நீர் மாதிரி ஒரு டீ 30 ரூபாய், நுழையவே முடியாத கழிப்பறைக்கு 10 ரூபாய். பண்டிகைக்கு ஊருக்குப் போகிற ஜனங்களை இப்படிக் கறக்கிறார்களே என்று வயிறு எரிந்தது.

உடுமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அடுத்தது. பெதப்பம்பட்டிப் பக்கம் இருக்கிற சின்னம்மா ஊருக்கு ஆட்டோவில் 700 ரூபாயாம். "பொங்கல் நேரமுங்க, ரிட்டன் காலியா வரோணும்" என்றார் ஓட்டுநர். பேசாமல் டவுன் பஸ்ஸில் ஏறினோம். எனக்கும் மகளுக்கும் டிக்கெட்டே இல்லை. வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் சில்லறைக் காசு. ஜன்னலோரம் உட்கார்ந்து தென்னந்தோப்பும் காற்றாலையும் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலும் பார்த்துக்கொண்டே போனதில் ராத்திரி பட்ட எரிச்சல் பாதி போய்விட்டது.

அன்று போகி. சாயங்காலம் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு எரவாணம், மாட்டுக் கட்டுத்தறி, கிணற்றுமேடு என்று ஒவ்வொரு இடமாகச் செருகினார்கள். காப்புக் கட்டு. மறுநாள் பொங்கல் எல்லா ஊரிலும் போலத்தான்.

மாட்டுப் பொங்கலன்றுதான் விஷயமே. சோமவாரப்பட்டியில் ஆல்கொண்டமால் கோயில் இருக்கிறது. மாடு கன்றுகளைக் காக்கிற சாமி. அன்று கறந்த பாலை வீட்டில் ஒரு சொட்டு எடுக்காமல் கேனிலும் தூக்குப் போசியிலும் அபிஷேகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். மேய்ச்சலுக்குப் போன மாடுகள் இங்கிருந்த புற்றின் மேல் தானாகப் பால் சொரிந்த கதையைச் சித்தப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கோயில் வாசலில் மண்ணால் செய்த மாட்டு உருவாரங்கள் விற்கிறார்கள். வாங்கி வைத்து வேண்டிக்கொண்டால் பட்டியில் நோய்நொடி வராது என்பது நம்பிக்கை. பிள்ளைகள் ஆளுக்கொன்றாக வைத்தார்கள்.

அப்போதுதான் உருமி மேளச் சத்தம். கூட்டம் விலகியது. கழுத்தில் சலங்கை கட்டிய ஒரு காளை, அதற்கு எதிரே நீளமான கழிகளைப் பிடித்துக்கொண்டு அடி வைத்துப் பின்னால் போகிற ஆட்கள். உருமி வேகம் கூடக் கூட அவர்கள் காலும் வேகம் பிடிக்கிறது, காளை தலையைத் தாழ்த்திக் கழியை முட்ட வருகிறது, சட்டென்று திரும்புகிறது, மறுபடி வருகிறது. சலகெருது ஆட்டம் என்பது இதுதான். யாரும் திமிலைப் பிடித்துத் தொங்குவதில்லை, வாலை முறுக்குவதில்லை. கோயிலுக்கென்று நேர்ந்துவிட்ட மாடு, அதை ஏர் பூட்ட மாட்டார்கள். மார்கழி முழுக்க ஊர் ஊராக ராத்திரியில் ஆடிப் பழக்குவார்களாம். என் மகன் செல்போனைக் கேட்கவே இல்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல்! நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். இவ்வளவு பெரிய கலையைச் சென்னையில் பாதிப் பேர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு ஆறவில்லை.

ஒரே குறை, பக்கத்துக் கடைகளின் ஸ்பீக்கர்கள். உருமியை அமுக்கிவிட்டன. ஆட்டம் நடக்கிற நேரமாவது அணைத்து வைக்கச் சொல்ல வேண்டும். ராட்டினத்துக்குத் தலைக்கு 100 ரூபாய் அநியாயம், ஒரே சுற்றோடு பிள்ளைகளை இறக்கிக் கூட்டிவந்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டில் பட்டிப் பொங்கல். கட்டுத்தறி முன்னால் சாணியால் வரப்புக் கட்டிச் சின்னதாகத் தெப்பக்குளம் செய்து, தண்ணீர் ஊற்றி, பூப்போட்டு, கன்றை அதை மிதிக்க வைத்தார்கள். "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று சித்தப்பா குரல் கொடுக்க, பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் சின்னம்மாவுக்குத் துரோகம். மறுநாள் காலையில் சந்தகை. அரிசியை ஊறவைத்து ஆட்டி, இட்லிபோல வேகவைத்து, ஆவி பறக்கப் பறக்க மூன்று கால் மிஷினில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் கை ஒடிந்துவிடும். என் வீட்டுக்காரரைத்தான் பிழிய விட்டார்கள். "ஏனுங் மாப்ள, இன்னொரு ஈடு இருக்குதுங்" என்று சின்னம்மா விடவே இல்லை. வெல்லமும் ஏலக்காயும் போட்ட தேங்காய்ப்பாலை ஊற்றி, நூல் நூலான சந்தகையைப் பிசைந்து சாப்பிட்டேன். அந்த ருசி எந்த ஓட்டல் இடியாப்பத்திலும் வராது. மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், தொட்டுக்க அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி) பொரியல். வருகிற வழியில் மோட்டல்காரனுக்குக் கொடுத்த காசை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

அன்று பிற்பகல் பூப்பறிக்கிற நோன்பு. பெண்பிள்ளைகள் எல்லாம் புதுப் பாவாடை கட்டி, கூடையில் முறுக்கும் கரும்பும் எடுத்துக்கொண்டு, ஆவாரஞ்செடி இருக்கிற காட்டுப்பக்கம் போகிறார்கள். பூவைப் பறித்து, நடுவில் வைத்துக் கும்மியடித்து, கொண்டுபோன பலகாரத்தை எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிட்டு, பொழுது சாயப் பாடிக்கொண்டே திரும்புகிறார்கள். "வா அம்முணி" என்று ஒரு பாட்டி என் மகளை இழுத்து வட்டத்துக்குள் விட்டார். இரண்டாவது சுற்றிலேயே அவளுக்கு அடி பிடிபட்டுவிட்டது. இங்கே டிக்கெட் இல்லை, மேடை இல்லை, விஐபி நாற்காலி இல்லை. செலவு எங்கள் பாகத்துக்கு வாங்கிப்போன பொரிகடலையும் வாழைப்பழமும்தான்.

சொந்தக்காரர் யாரும் இல்லாதவர்கள் உடுமலையில் அறை எடுத்துத் தங்கலாம். ஆனால் பழனி பக்கம்தான், தைப்பூசத்துக்கு நடக்கிற பக்தர் கூட்டமும் அந்த நேரத்திலேயே சேரும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரு நாள் மிஞ்சினால் திருமூர்த்தி மலை, அமராவதி அணை முதலைப் பண்ணை இரண்டையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். காளைக்குப் பக்கத்தில் போய் செல்ஃபி எடுக்காதீர்கள், உருமிச் சத்தத்தில் அது யாரென்று பார்த்து முட்டாது. பூப்பறிக்கப் போகிற பிள்ளைகளைக் கேட்காமல் வீடியோ பிடிக்கவும் கூடாது. நாங்கள் போனபோது வெளியூர்க்காரர் ஒருவர் அப்படிப் பிடித்து, ஊர்ப் பெண்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அவருக்கு அது வேண்டியதுதான்.