இனாடா, வராசா, புரி

ஜனவரி 14, 2025, செவ்வாய். மனைவிக்கு 30 வாரம். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்கள்.

பொங்கலுக்கு லீவு கேட்கவில்லை. அத்தை ரைஸ் குக்கரில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். பொங்கவில்லை, பீப் அடித்தது. "சரி, அதையே பொங்கினதா வச்சுக்கிடுவோம்" என்றார்.

கர்ப்பப்பை வாயின் நீளம் இன்று 23 மில்லிமீட்டர். குறையக் கூடாது.

ஜனவரி 16

மூன்று நாளாக மகள் ஒரே பாட்டு. பள்ளிக்கூடச் சாப்பாட்டில் போட்ட, புரி என்ற மீனில் செய்யும் தெரியாக்கி வேண்டுமாம். அவள் அம்மா இருந்தால் அரை மணி நேர வேலை. எனக்கு மீனைச் சாப்பிடத்தான் தெரியும்.

ஆபீஸ் விட்டு டோக்கியோவின் நிஷிகசாயில் இறங்கி, இரண்டு துண்டு வாங்கி வந்தேன். பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டியது. அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரமாக ஓடும் கருஞ்சிவப்புச் சதையை விரலால் அமுக்கி, "இது பாரைச் சாதில்லா" என்றார். தேடிப் பார்த்தேன். புரியும் பாரையும் ஒரே குடும்பம்தான். தூத்துக்குடிக்காரருக்குப் பெயர்ப்பலகை தேவையில்லை.

சோயா சாஸ், மிரின் என்ற இனிப்பு அரிசி மது, சாக்கே என்ற அரிசி மது மூன்றும் இரண்டிரண்டு மேசைக்கரண்டி, சீனி ஒன்று. எல்லாவற்றையும் மீனோடு சேர்த்து முதலிலேயே ஊற்றிவிட்டேன். மீன் வேகுமுன் சீனி கருகிவிட்டது. வீடெல்லாம் புகை.

"தெரியாக்கி தெரியாக்கின்னீங்க மாப்பிள்ளை. தெரியாமத்தான் ஆக்கியிருக்கீங்க."

மகள் கருகலை உரித்துவிட்டு உள்ளே இருந்ததைத் தின்றாள். "தெரியே இல்ல அப்பா" என்றாள். தெரி என்றால் பளபளப்பு. இந்தச் சமையலின் பெயரே அதிலிருந்துதான்.

ஜனவரி 17

23.

ஜனவரி 19, ஞாயிறு

மனைவியைப் பதினைந்து நிமிடம்தான் பார்க்க விடுகிறார்கள். குழந்தைகளுக்கு அனுமதி கிடையாது. டிரிப்ஸால் அவள் கை நடுங்குகிறது, போனில் எழுத்துப் பிழையாக வருகிறது என்று சிரித்தாள். அப்புறம் கேட்டாள், "மீனுக்கு உப்புப் போட்டு வச்சீங்களா?"

இல்லை.

"பத்து நிமிஷம் வைங்க. தண்ணி விடும். கவிச்சி எல்லாம் அதுல போயிரும். நல்லாத் துடைச்சிட்டு லேசா மாவு தூவுங்க. மாவு இருந்தாத்தான் சாஸ் ஒட்டும்." பதினைந்தில் பத்து நிமிடம் மீன். மற்றதை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஜனவரி 22

21.

ஜனவரி 23, இரவு 2 மணி

தூக்கம் வரவில்லை. 23லிருந்து 21. மகளின் ஸ்கேலை எடுத்து இரண்டு மில்லிமீட்டர் எவ்வளவு என்று பார்த்தேன். ஒரு அரிசியின் அகலம். டாக்டர் படம் போட்டு விளக்கினார், பத்து வார்த்தைக்கு ஆறு புரிந்தது. கடைசியில் சொன்னது மட்டும் முழுதாகப் புரிந்தது: யோஸு ஓ மிமாஷோ. பொறுத்துப் பார்ப்போம். இந்த ஊரில் காய்ச்சலுக்கும் அதே சொல், பல்வலிக்கும் அதே சொல். எதுவரை பொறுப்பது, எதைப் பார்ப்பது? கேட்டிருக்கலாம். கேட்க எனக்கு வாக்கியம் வரவில்லை. எட்டு வருடம் இங்கே இருந்து என்ன பிரயோஜனம். பாத்ரூம் போனாலும் போனைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறேன்.

ஜனவரி 25, சனி

மறுபடி மீன். உப்பு, பத்து நிமிடம், துடைத்தல், மாவு. முதலில் தோல் பக்கம், பிறகு திருப்பி. இது குளிர்கால மீன், கொழுப்பு நிறைய விடுகிறது. அதைப் பேப்பரால் ஒற்றி எடுத்தபின்தான் சாஸ் ஊற்ற வேண்டும் என்று அவள் காலையில் செய்தி அனுப்பியிருந்தாள். போன தடவை பாட்டிலில் என்ன இருக்கிறது என்று அத்தை கவனிக்கவில்லை. இன்று மூடியைத் திறந்து மோந்தார்.

"சாராயத்தை ஊத்தியா புள்ளைக்குக் குடுக்கீங்க?"

கொதியில் பெரும்பாலும் ஆவியாகிவிடும் அத்தை என்றேன். நம்பவில்லை. சாஸ் குமிழி சின்னதாக ஆரம்பித்துப் பெரிதாகிறது. அப்போது கரண்டியால் அள்ளி அள்ளி மீன் மேல் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். திடீரென்று வந்துவிட்டது, அந்தப் பளபளப்பு. அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகள் இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாள். அத்தை ஒரு வாய் எடுத்துவிட்டு, "இனிப்பா இருக்கு" என்று ஊறுகாய் ஜாடியை இழுத்துக்கொண்டார். துண்டு மட்டும் மிச்சமில்லை.

ஜனவரி 28. 32 வாரம்.

பாப்பா 1,620 கிராம். 20.

இன்ஃப்ளூயன்சாவால் மகளின் வகுப்பை மூடிவிட்டார்கள். வீட்டிலிருந்து வேலை. மீன் கடைச் சுவரில் இருந்த படத்தைப் பற்றியே அவள் நாள் முழுக்கப் பேசினாள். புரி குட்டியாக இருக்கும்போது பெயர் வகாஷி. வளர்ந்தால் இனாடா, அப்புறம் வராசா, 80 சென்டிமீட்டர் தாண்டினால்தான் புரி. ஒசாகா பக்கம் இதற்கே வேறு பெயர்களாம்.

"நம்ம பாப்பா இப்ப எது?"

நான் யோசிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள், இனாடா.

ஜனவரி 30

ஆபீஸில் ஒருவர் "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்றார். எப்படித் தெரியுமாம்? வெளியே தலையாட்டினேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

குளிர்காலத்தை வழியனுப்பும் செட்சுபுன் இந்த வருடம் இன்றைக்கே வந்துவிட்டது. பூதம் வெளியே, பாக்கியம் உள்ளே என்று கத்திக்கொண்டு மகள் வறுத்த சோயாவை எறிந்தாள். அத்தை பின்னாலேயே பொறுக்கினார். பிறகு வயசுக்கு ஒன்றாக எண்ணித் தின்ன வேண்டும். எனக்கு 37, அவளுக்கு 7. "பாப்பாவுக்கு?" பூஜ்யம் என்று சொல்ல வாய் வரவில்லை. தட்டில் ஒன்று வைத்தோம்.

பிப்ரவரி 4. 33 வாரம்.

1,850. 20தான். இறங்கவில்லை.

வராசா ஆகிவிட்டது என்று தீர்ப்பு.

பிப்ரவரி 7

தலையும் முள்ளுமாக மலிவாகக் கிடைக்கும் பாக்கெட்டை அத்தை கண்டுபிடித்துவிட்டார். இதை இங்கே முள்ளங்கியோடு வேகவைப்பார்கள் என்றேன். காதிலேயே வாங்கவில்லை. புளி கரைத்தார். சின்ன வெங்காயம் கிடைக்காததைப் பற்றி ஒரு புலம்பல். ஆனால் குழம்பு... இந்த ஒரு மாதத்தில் முதல்முறையாகப் போனைப் பார்க்காமல் சாப்பிட்டு முடித்தேன். பார்க்கவில்லை என்பதே பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு செய்தி: "என்ன சமையல்?" பொய் சொன்னேன். தெரியாக்கி என்று எழுதினேன். குழம்பு என்றால் அழுவாள்.

பிப்ரவரி 10

நாளை 34. நாளை அரசு விடுமுறையும்கூட. மீன் மூன்று துண்டுதான் வாங்க வேண்டும். கை நாலை எடுத்துவிட்டது. திருப்பி வைக்கவில்லை.