அடுப்படிக் காலண்டர்: டூபிங்கன் நாட்குறிப்பு

செப்டம்பர் 17, 2023, ஞாயிறு

வந்ததிலிருந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தேன், இன்றைக்குத்தான் தெளிந்தது. ஊர் ஜெர்மனியில் டூபிங்கன். ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே, நெக்கர் ஆற்றங்கரை. வீடு ஒரு பழைய அடுக்குக் குடியிருப்பின் மேல் இரண்டு தளம். எனக்குக் கூரைக்கு அடியில் சாய்சுவர் அறை. கட்டிலை விட்டு எழும்போதே குனிந்துகொண்டுதான் எழ வேண்டும். வீட்டம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். பெரியவள் இரண்டாம் வகுப்பு, சின்னவனுக்கு நாலு வயசு. பெயர்களை எழுதப் போவதில்லை.

எனக்கு இங்கே ஓ-பேர் என்று பெயர். ஒரு வருஷம் வரை ஒரு குடும்பத்தோடு தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு ஜெர்மன் படிக்கிற ஏற்பாடு. 27 வயசு ஆவதற்குள் விண்ணப்பித்துவிட வேண்டும், ஏ1 என்கிற ஆரம்ப நிலை ஜெர்மன் தேறியிருக்க வேண்டும். வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தனி அறை, சாப்பாடு, காப்பீடு, மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ, கைச்செலவுக்கு 280 யூரோ. அந்த 280 சம்பளமும் இல்லையாம், பாக்கெட் மணி.

"சம்பளமும் இல்லை, வாடகையும் இல்லைன்னா அந்த வீட்ல நீ யாருடி?" என்றாள் அம்மா. பதில் சொல்லத் தெரியவில்லை. கும்பகோணத்தில் எல்லாரிடமும் "மேல்படிப்புக்குப் போயிருக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறாள். பி.காம் முடித்த பெண் அடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு மூக்குத் துடைக்கிறாள் என்று அத்தை காதில் விழுந்தால் தீர்ந்தது கதை.

செப்டம்பர் 21, வியாழன்

குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிந்துவிட வேண்டும். வீட்டுக்காரர் கூடவே வந்து காகிதங்களை எடுத்துக் கொடுத்தார். திரும்பியதும் என் பெயரை அச்சடித்துத் தபால்பெட்டியில் ஒட்டினார். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால் திரும்பிப் போய்விடுமாம். வரி எண், வங்கி அட்டை எல்லாமே தபாலில்தான் வரும். அப்பா பெயரையும் சேர்த்தால் என் பெயர் நீளம், அதனால் எழுத்தைப் பொடியாக்கி இரண்டு வரியாக ஒட்டியிருக்கிறார்.

குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழியே கிடையாது. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று குளிக்க வேண்டும். குளித்ததும் ரப்பர் பட்டை வைத்த கைப்பிடியால் கண்ணாடியை மேலிருந்து கீழே வழித்துவிட்டு, அடியில் சேர்ந்த சொட்டுகளைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், விட்டால் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். வீட்டம்மா ஒரு தடவை செய்தே காட்டினார். பக்கெட்டும் சொம்பும் கேட்கலாமா என்று யோசனையில் இருக்கிறேன்.

இன்னொரு சங்கடம், இரண்டு பேரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். வீட்டம்மாவுக்கு என் சித்தி வயசு, எனக்கு வாய் வரவில்லை. கிட்டே போய் நின்று தொண்டையைச் செருமுகிறேன். இன்றைக்குச் சாயங்காலம் "தொண்டை சரியில்லையா?" என்று கேட்டு, சேஜ் இலையைக் கொதிக்க வைத்து ஒரு பெரிய கோப்பை நிறையக் கொடுத்துவிட்டார். கசப்பு. முழுசாகக் குடித்தேன்.

அக்டோபர் 4, புதன்

எங்கள் வீட்டுக் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்குகிறது. கேர்வோகெ என்று எழுதியிருக்கிறது. அது யார் கதவில் தொங்குகிறதோ அந்த வாரம் மாடிப்படி, நடை, வாசல் தெருவோரம் கூட்டுவது அவர்கள் முறை. வாரம் முடிந்தால் பலகை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இந்த ஸ்வாபியச் சீமை முழுக்க உண்டாம். தாடிக்கார எபர்ஹார்ட் என்று ஒரு பிரபு, 1477ல் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கி வைத்தவர். அவர் காலத்தில், 1492ல், ஸ்டுட்கார்ட் நகரத்துக்குப் போட்ட சட்டத்திலேயே வாராவாரம் குப்பையை அப்புறப்படுத்தச் சொல்லியிருக்கிறதாம். வீட்டுக்காரர் சொன்னார். வரலாற்று வாத்தியார், ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார்.

நான் விளக்குமாற்றை எடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். "இது உன் வேலையில் சேராது. ஒப்பந்தத்தில் பார்." பிள்ளைகள், அவர்கள் துணிமணி, சாப்பாடு, லேசான வீட்டு வேலை, அவ்வளவுதான் என் பாடு. மனுஷர் மூன்று மாடியும் ஈரத் துணி போட்டு இறங்கினார். கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து படிகளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். திருப்திதான் போல.

அடுப்படிச் சுவரில் ஐந்து பத்தி போட்ட காலண்டர் தொங்குகிறது. அவர், அவர் மனைவி, பெரியவள், சின்னவன், ஐந்தாவது நான். ஞாயிறு சாயங்காலம் எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாரத்தை நிரப்புவார்கள். நைட் டூட்டி, நீச்சல் வகுப்பு, பல் டாக்டர், யார் எத்தனை மணிக்குச் சின்னவனை அழைத்து வருவது, எல்லாம். என் பத்தியில் மொழி வகுப்பும் வேலை நேரமும். கடைசியில் வீட்டம்மா பென்சிலால் என் மணிகளைக் கூட்டிப் பார்ப்பார். எங்கள் வீட்டில் யாருக்கு எங்கே போக வேண்டும் என்பது அம்மா மண்டைக்குள்தான் இருக்கும். அவள் காய்ச்சலில் படுத்தால் வீடு அப்படியே நின்றுவிடும்.

அக்டோபர் 19, வியாழன்

ராத்திரிச் சாப்பாடு இங்கே ரொட்டி, வெண்ணெய், சீஸ், வெள்ளரிக்காய். அடுப்பே மூட்டுவதில்லை. அம்மாவிடம் சொன்னால் பட்டினி போடுகிறார்கள் என்பாள், அதனால் சொல்லவில்லை.

இன்றைக்கு வீட்டுக்காரரின் அம்மா வந்திருந்தார். ஸ்வாபியன் ஆல்ப் மேட்டுநிலத்துக்காரர். பருப்பும் ஷ்பெட்ஸ்லேயும் சமைத்தார். முழுப் பருப்பை, மைசூர்ப் பருப்பைத் தோலோடு பார்த்தால் எப்படி இருக்குமோ அந்தச் சாதி, குழையாமல் வேகவைத்துக் கடைசியில் வினிகர் விடுகிறார்கள். ஷ்பெட்ஸ்லே முட்டை போட்ட மாவு. பலகையில் பரப்பிக் கத்தியால் சரசரவென்று கொதிநீரில் வழித்துத் தள்ளினார். கை வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பாட்டிக்குப் பருப்புக் கதை ஒன்று இருந்தது. ஆல்ப் மேட்டில் அந்தக் காலத்தில் எல்லாரும் பருப்பு விதைத்தார்கள். போருக்குப் பிறகு யாரும் சீண்டவில்லை, விதையே அற்றுப் போய்விட்டது. 1980களில் ஒரு விவசாயக் குடும்பம் வேறு ரகத்தை வைத்து மறுபடி ஆரம்பித்தது. பழைய ரகம் 2006ல் ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வாவிலோவ் விதை வங்கியில் அகப்பட்டதாம். கையளவு விதையைக் கொண்டுவந்து பெருக்கியிருக்கிறார்கள். "நீங்கள் இதில் என்ன போடுவீர்கள்?" என்று கேட்டார். மிச்சமிருந்த பருப்பில் கடுகு, சீரகம், பூண்டு, வரமிளகாய் தாளித்துக் கொட்டினேன். பெரியவளுக்கு எரிந்தது, பாட்டி இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். எனக்கென்னவோ வினிகர் விட்டதே நன்றாக இருந்தது. ஊரில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

அக்டோபர் 29, ஞாயிறு

விடியற்காலை 3 மணியை 2 ஆக்கிவிட்டார்கள். இனி ஊருக்கும் இங்கேயும் நாலரை மணி வித்தியாசம். அஞ்சரைக்கெல்லாம் இருட்டு. சின்னவனுக்குக் கடிகாரம் தெரியாது, வழக்கம்போல எழுந்து என் கதவைத் தட்டினான்.

நவம்பர் 8, புதன்

எழுதாமல் தூங்க முடியாது.

திங்கள் ராத்திரி வீட்டம்மா நைட் டூட்டி. வீட்டுக்காரர் கீழ்த் தளத்தில் தூக்கம். ஒரு மணி இருக்கும், சின்னவன் படியேறி என் அறைக்கே வந்துவிட்டான். பைஜாமா முழுக்க வாந்தி. கழுவி, துணி மாற்றி, மடியில் போட்டுக்கொண்டேன். தூங்கினான், எழுந்தான், மறுபடி எடுத்தான். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் நெற்றியில் கை வைத்துக்கொண்டிருப்பது. வாயில் வந்த தாலாட்டைத் தமிழில் பாடினேன். நாலு மணிக்குத்தான் அடங்கினான்.

காலையில் வீட்டம்மா வந்தார். விஷயம் கேட்டதும் என்னை இறுகக் கட்டிக்கொண்டார், கண்கூடக் கலங்கியிருந்தது. நேரே அடுப்படிக்குப் போய் என் பத்தியில் பென்சிலால் "+3" என்று எழுதினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு லீவாம்.

சுருக்கென்றது. கணக்குப் பார்த்தா பிள்ளையை மடியில் போட்டேன்? அம்மாவுக்குப் போன் போட்டால் அவள் என்னை விட ஒரு படி மேலே: "கூலி போட்டுட்டாங்களா?"

இரண்டு நாளாக அந்த "+3" மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கூடவே எங்கள் வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவும். எனக்கு நினைவு தெரிந்த நாளாக வருகிறார். எனக்கு அம்மை போட்டபோது ராத்திரி முழுக்க வேப்பிலையால் விசிறியவர். "அவ நம்ம வீட்டு மனுஷி மாதிரி" என்று அம்மா எல்லாரிடமும் சொல்லுவாள். அதற்காக அவர் பெயருக்கு எதிரே யாரும் எதையும் எழுதியதில்லை. லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள். டம்ளர் கொல்லைப்புறத்து மாடத்தில் தனியாக இருக்கும். வீட்டு மனுஷி மாதிரி என்று சொல்லிச் சொல்லியே அந்த அக்காவுக்குச் சேர வேண்டியதையெல்லாம் நாங்கள் அன்புக் கணக்கில் கழித்துக்கொண்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்த வீட்டம்மா கட்டிக்கொள்ளவும் செய்தார், எழுதவும் செய்தார்.

வெள்ளி மத்தியானம் லீவை எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஸ்டுட்கார்ட் போய்த் தமிழ்க் கடையில் நல்லெண்ணெய் வாங்க வேண்டும்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. ஞாயிறு என்பதால் சத்தம் போடக் கூடாது, மிக்ஸி கூடாது, கடைகளும் கிடையாது. வெடிக்கு வழியே இல்லை. டிசம்பர் 31, ஜனவரி 1 தவிர மற்ற நாளில் பட்டாசு வெடிக்கத் தனி அனுமதி வேண்டுமாம். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். குளித்ததை விடக் கண்ணாடியில் தெறித்த எண்ணெயை வழித்து எடுத்த நேரம்தான் அதிகம்.

நேற்று முன்தினம் சின்னவன் பள்ளியில் புனித மார்ட்டின் நாள் விளக்கு ஊர்வலம். அவனவன் ஒட்டிய காகித விளக்கைக் குச்சியில் தொங்கவிட்டுக்கொண்டு இருட்டில் பாடிக்கொண்டே போனார்கள். அந்த விளக்கை இன்றைக்கு எனக்காக ஜன்னலில் மாட்டினான். வீட்டம்மா அலமாரியைக் குடைந்து போன கிறிஸ்துமஸில் மிஞ்சிய கம்பி மத்தாப்புப் பெட்டியைக் கண்டுபிடித்தார். அதற்கு மட்டும் வருஷம் முழுக்கத் தடை இல்லையாம். தோட்டத்தில் ஆளுக்கு இரண்டு. பெரியவள் காற்றில் தன் பெயரை எழுதினாள். ரவா லாடு பிடித்திருந்தேன், கீழ்வீட்டுப் பாட்டிக்கும் ஒரு தட்டு போனது. தட்டு வெறுமனே திரும்பி வரவில்லை, நாலு ஆப்பிள் வைத்திருந்தார். எங்கள் தெரு வழக்கமேதான்.

இன்றைக்குத்தான் வீட்டம்மாவை முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மத்தாப்பு முடி பக்கம் போய்விட்டது, கத்தித் தொலைத்தேன்.

டிசம்பர் 6, புதன்

நேற்று ராத்திரி பிள்ளைகள் பூட்ஸைத் துடைத்துக் கதவருகே வைத்தார்கள். காலையில் நிக்கோலஸ் சாமி வால்நட், ஆரஞ்சு, சாக்லேட் போட்டுவிட்டுப் போயிருந்தார். என் செருப்பையும் யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். செருப்பில் கொள்ளவில்லை, ஆரஞ்சு உருண்டு படியில் இறங்கிப் போயிருந்தது.

டிசம்பர் 24, ஞாயிறு

பண்டிகைச் சாப்பாடு பெரிதாக இருக்கும் என்று வயிற்றைக் காயப்போட்டிருந்தேன். உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும்தான். இன்று ராத்திரி இதுதான் வழக்கமாம், யாரும் அடுப்படியில் கிடக்க வேண்டாம் என்பதற்காக. நல்ல யோசனை. சாலடில் மயோனைஸ் போடுவது வடக்கத்தியார் பழக்கம் என்று பாட்டிக்குக் கோபம். இங்கே சூடான சூப்புச் சாறுதான் விட வேண்டும்.

எனக்குப் பரிசு நீலநிற பிளாஸ்டிக் பக்கெட், உள்ளே ஒரு மக். நான் கேட்கவே இல்லை. பெரியவளிடம் எப்போதோ வாய்விட்டிருக்கிறேன் போலிருக்கிறது.

ஜனவரி 1, 2024, திங்கள்

ராத்திரி எஸ்டர்பெர்க் மேட்டில் ஏறி வாணவேடிக்கை பார்த்தோம். மரச்சட்ட வீடுகளை ஒட்டி வெடி கொளுத்தக் கூடாது என்று சட்டம், அதனால் பழைய ஊர் இருட்டாகவே கிடந்தது. சுற்றிலும்தான் அமர்க்களம். காலையில் இறங்கிப் பார்த்தால் தெருவெல்லாம் சிவப்புக் காகிதக் குப்பை. பலகை எங்கள் கதவில்! கீழ்வீட்டுப் பாட்டி விவரமானவர். இன்றைக்கு விடுமுறை, நாளைக்குக் கூட்டிக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் ஜெர்மனில் பி2 நிலை முடித்தால் தன் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார் வீட்டம்மா. அதைச் சொல்லத்தான் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் வேறு பதற்றத்தில் இருந்தாள். அத்தை வந்திருந்தாளாம். தன் பெண்ணையும் அதே மேல்படிப்புக்கு அனுப்ப வேண்டுமாம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிளாஸ் என்று கேட்டிருக்கிறாள். அம்மாவுக்குச் சட்டென்று ஒன்றும் ஓடவில்லை.

முப்பது என்று சொல்லிவிட்டாளாம்.