கோடு போடுகிறவர்கள்

ஞாயிறு காலை ஆறரைக்குப் பெண்கள் கால்பந்து மேட்ச் என்றால் நாலே முக்காலுக்கே கிரவுண்டில் ஆள் நிற்க வேண்டும். முந்தின நாள் மாலை போட்ட கோட்டில் பாதியை மாடும் சைக்கிளும் அழித்திருக்கும். 100 மீட்டர் நீளம், 64 மீட்டர் அகலம் உள்ள மைதானத்தில் எல்லைக்கோடு, நடுவட்டம், கோலுக்கு முன்னால் வரும் பெனால்டி ஏரியா எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோடாக நீட்டினால் ஏறக்குறைய 700 மீட்டர் வரும். மூன்று பேர் சேர்ந்தால்தான் இந்த வேலை நடக்கும். இரண்டு பேர் நைலான் கயிற்றை இழுத்துப் பிடிக்க, மூன்றாவது ஆள் பொடியைத் தூவிக்கொண்டே பின்னால் நடப்பார்.

கோடு கோணலாவது மூலையில்தான். கண்ணளவில் போட்டால் மைதானம் இணைகரம் ஆகிவிடும். மூலையில் முளை அடித்து, ஒரு பக்கம் 6 மீட்டர், மறுபக்கம் 8 மீட்டர் அளந்து, அந்த இரண்டு முனைக்கும் நடுவே சரியாக 10 மீட்டர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் மூலை நேர். கோல் போஸ்டின் உள்விளிம்பிலிருந்து இருபுறமும் 16.5 மீட்டர், அங்கிருந்து உள்ளே 16.5 மீட்டர் போனால் பெனால்டி ஏரியா. பெனால்டி புள்ளி 11 மீட்டரில். 9.15 மீட்டரில் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று கையில் இருந்தால் நடுவட்டத்துக்கும் பெனால்டி வளைவுக்கும் அதுவே போதும்.

பொடி விஷயத்தில் அலட்சியம் கூடாது. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்கித் தூவிவிடுகிறார்கள். நீறாத சுண்ணாம்பு வியர்வை பட்டால் சூடேறித் தோலைச் சுடும். நீற்றிய சுண்ணாம்பும் சிராய்ப்பில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. சறுக்கி விழுந்து முழங்கால் உரசிக்கொள்ளும் பிள்ளைகள் விளையாடும் இடம் இது. சாக் பவுடர்தான் சரி. சுண்ணாம்பு கண்ணில் விழுந்துவிட்டால் தேய்க்க விடாமல், சுத்தமான தண்ணீரை 20 நிமிடமாவது விடாமல் ஊற்றிக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சீனியர் சாம்பியன்ஷிப்பை வென்றது. மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியிருக்கிறார். திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. எட்டாம் வகுப்பில் நன்றாக ஆடிய பிள்ளை பத்தாம் வகுப்பில் கிரவுண்டுக்கு வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பந்தாட்டமே இல்லை. கோட்டுக்கு வெளியே யாரோ செய்யாமல் விட்ட சின்ன வேலையாகத்தான் அது இருக்கும்.

நகையை எடுத்துக்கொள்வோம். கால்பந்து விதி 4-ன்படி எந்த நகையும் போட்டு ஆடக் கூடாது. பிளாஸ்திரி ஒட்டி மறைத்தாலும் செல்லாது. அதனால் மேட்ச் தொடங்கும் நேரத்தில் எல்லா ஊரிலும் ஒரே பேச்சுதான் நடக்கும்.

“தோடு கழட்டிட்டியாம்மா?”

“கழட்டிட்டேன்கா. மூக்குத்தி மட்டும் வேணாம்கா, இப்பத்தான் குத்துனது. கழட்டினா தூந்துடும்.”

அவள் சொல்வது உண்மைதான். புதிதாகக் குத்திய துளை சீக்கிரமே தூர்ந்துவிடும். ரெஃப்ரி சொல்வதும் சரிதான். முகத்தில் பந்து பட்டால் மூக்குத்தி உள்ளே கிழிக்கும். இதை மேட்ச் அன்று தீர்க்க முடியாது. சீசன் தேதியை இரண்டு மூன்று மாதம் முன்பே அம்மாக்களிடம் சொல்லி, மூக்குக் குத்துவதை அது முடிந்தபின் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். ‘ஏன்?’ என்று விளக்கிச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

கழற்றிய தோட்டை என்ன செய்வது? ஷூவுக்குள் போட்டுவைப்பார்கள், தோழியிடம் கொடுப்பார்கள், திருகாணி புல்லில் விழும். அரை கிராம் தங்கம் தொலைந்தால் அந்தப் பிள்ளையின் ஃபுட்பால் அன்றோடு முடிந்தது. ஆளுக்கு ஒரு ஜிப் கவர், மேலே பெயர், ஒரு நோட்டில் ‘தோடு 2, திருகாணி 2’ என்று எழுதிக் கையெழுத்து, எல்லாம் ஒரே அக்காவின் பையில். அந்த அக்கா அன்றைக்குத் தண்ணீர் கொடுக்கவோ பந்து பொறுக்கவோ போகக் கூடாது. பையோடு உட்கார்ந்திருப்பதுதான் அவருடைய வேலை.

அடுத்தது ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. முதல் பத்து நிமிடம் பாய்ந்து ஓடிய பிள்ளை பிறகு முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினால், ‘ஸ்டாமினா இல்லை, இன்னும் இரண்டு ரவுண்டு ஓடு’ என்று விரட்டுகிற கோச்சுகள் இருக்கிறார்கள். இது அநியாயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு வரச் சொல்வதுதான் முறை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியதால் தூக்கி எறிகிற பிள்ளைகள் நிறைய. மாத்திரையோடு டீ குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாக ஒட்டும்.

முழங்கால் பற்றி ஒன்று. தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். குதித்து இறங்கும்போது இரண்டு முட்டியும் உள்பக்கம் மடிகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்த வேண்டும். இந்தக் காயத்தைத் தடுக்க உதவும் ஃபிஃபா 11 பிளஸ் என்ற வார்ம்-அப் 20 நிமிடந்தான். நேரமில்லை என்று அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

கழிப்பறையில் தாழ்ப்பாள், வாளி, மக்கு, மூடியுள்ள குப்பைத்தொட்டி, நாலு நாப்கின். சாவி வாட்ச்மேன் வீட்டில் இருந்தால் கழிப்பறை இருந்தும் இல்லாத மாதிரிதான். முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். டீமுக்கு ஷார்ட்ஸ் தைக்கும்போது வெள்ளை வேண்டாம், கறை தெரியாத கருநீலம் போதும். இங்கிலாந்து பெண்கள் அணியே வீராங்கனைகள் கேட்டதால் 2023 உலகக்கோப்பைக்கு வெள்ளையை விட்டு நீலத்துக்கு மாறியது.

ஃபிக்ஸ்சர் (மேட்ச் அட்டவணை) போடும்போது முதலில் பார்க்க வேண்டியது டவுன் பஸ் நேரம். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்பதால் எத்தனையோ பிள்ளைகள் பக்கத்து ஊரிலிருந்து வர முடிகிறது. ஆனால் அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது எத்தனை மணிக்கோ. மாலை மேட்ச் என்றால் கடைசி விசிலுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே 40 நிமிடமாவது வேண்டும். தோட்டைத் திருப்பிக் கொடுக்க, உடை மாற்ற, தண்ணீர் குடிக்க, ஸ்டாப்பு வரை நடக்க அவ்வளவு ஆகும். ஸ்டாப்பில் நோட்டை வைத்துத் தலையை எண்ணி ஏற்றிவிட்டு, கடைசிப் பிள்ளை வீடு சேர்ந்ததாக போன் வரும்வரை நோட்டை மூடக் கூடாது.