என் பெயரில் ஒரு கொப்பி

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் நான் டீமேக்கர், கொழுந்தைத் தூளாக்கும் வேலைக்குப் பொறுப்பானவன். தேயிலையைக் காயவைக்கும் டிரையருக்குள் போகும் காற்று 90 பாகைக்கும் 95 பாகைக்கும் இடையில் நிற்க வேண்டும். அதை நேரம் தவறாமல் பார்த்து எழுதுவது எங்கள் வேலையில் பாதி. எனக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவர், "தீஞ்ச மணம் வந்த பொறகு ஓடிப்போய்ப் பாக்குறவன் டீமேக்கர் இல்ல தம்பி. மணம் வந்தா தூள் போயிருச்சு" என்பார். அதனால் மூக்கை விட்டு வெப்பமானியை நம்பப் பழகினேன். கொழுந்தை வாடவைக்கும் வாட்டு மாடியின் ஈரப்பதம், ரோலர் அறையின் சூடு, கடைசியில் தூளில் நிற்கும் 3 சதவீத ஈரம் என்று எல்லாவற்றுக்கும் கொப்பி உண்டு. என் உடம்புக்கு ஒரு கொப்பி இல்லை என்பது 46 வயது வரை உறைக்கவே இல்லை.

உணவுப் பாதுகாப்புச் சான்றிதழுக்காக வருஷத்துக்கு ஒருதரம் தொழிற்சாலை ஆட்களை டிஸ்பென்சரிக்கு அனுப்பிச் சோதிப்போம். பட்டியல் போடுவதும் வராதவர்களை விரட்டுவதும் நான்தான். அந்த வருஷம் கார்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த தோட்டத்து வைத்திய உதவியாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாருதும் இருக்கு. டீமேக்கரோடது எங்க?"

"எனக்கு என்னா டொக்டர், நல்லாத்தானே இருக்கேன்."

கையைப் பிடித்துப் பட்டியைச் சுற்றிவிட்டார். பிரஷர் 162க்கு 98. மாடிப்படி இறங்கி ஓடிவந்ததால்தான் என்றேன். "சரி, அஞ்சு நிமிஷம் பேசாம ஒக்காருங்க" என்றார். பிறகும் 158க்கு 96. தலை சுற்றவில்லை, மயக்கமில்லை, வழக்கமாக இரவு ஷிப்ட் முடித்து வருகிற மாதிரியேதான் இருந்தேன். தலை சுற்றினால்தான் பிரஷர் என்று எங்கள் பக்கம் பலர் நம்புகிறோம். தீஞ்ச மணத்துக்குக் காத்திருக்கிற அதே புத்திதான். அது எனக்குத் தெரியாததல்ல, என் மேல் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி டொக்டர் ஒருநாள் கணக்கை வைத்து மருந்து எழுதவில்லை. ஒரு கிழமை வீட்டில் காலையும் மாலையும் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். ஹற்றனில் ஒரு டிஜிட்டல் மெஷின் வாங்கினேன். தேத்தண்ணி குடித்து அரை மணி நேரமாவது போயிருக்க வேண்டும், முதுகு சாய்ந்து, கால் தரையில், கை நெஞ்சு மட்டத்தில், பேச்சுக் கூடாது. முதல் நாள் எழுதியதை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பார்த்தார்: 148க்கு 92. வீட்டில் எடுத்தால் 135க்கு 85க்குக் கீழே இருக்க வேண்டுமாம். வெறும் வயிற்றில் இரத்தத்துச் சீனி 118. 126 தொட்டால் சீனி வருத்தம். நான் வாசற்படியில் நின்றேன்.

தேயிலை ருசி பார்க்கும்போது வாயில் வைத்துத் துப்பிவிடுகிறவன் நான். ஆனால் இரவு ஷிப்டில் குடிக்கும் பிளேன்டீயைத் துப்புவதில்லை. ஐந்து கோப்பை, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. கணக்குப் போட்டால் ஒரு இரவில் 40 கிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குறைத்த முதல் வாரம் தூக்கமும் எரிச்சலும். வீட்டுக்காரி, "தூளைப் பத்தி இவ்வளவு பேசுற ஆளு, அதோட ருசிய இப்பதான் கண்டுபிடிச்சிருக்கீங்க" என்று சிரித்தாள். உண்மை. சீனி இல்லாத எங்கள் தோட்டத்துத் தேத்தண்ணி எப்படியிருக்கும் என்று ருசி பார்க்கும் மேசையில்தான் எனக்குத் தெரிந்திருந்தது, கோப்பையில் தெரியாது.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு சங்கடம் இருக்கிறது. 'உங்கள் உடம்புக்கு நீங்களே பொறுப்பு' என்று எனக்குச் சொல்வது சுலபம். எனக்கு மாதச் சம்பளம். மெஷின் வாங்கக் காசு இருந்தது. சல்லடை அறையில் வேலை செய்யும் அக்காவின் கிளினிக் கொப்பியை ஒருநாள் பார்த்தேன், ஐந்து மாதம் ஒன்றும் எழுதப்படவில்லை. ஏன் போகவில்லை என்றேன்.

"போனா ஒரு நாள் பேரு போயிரும் ஐயா, சம்பளம் இல்ல. மருந்துக்கு வரிசையில நின்னு, பஸ் புடிச்சு வந்து சேர, மத்தியானம் தாண்டிரும்."

மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற பெண்களுக்கு இது இன்னும் மோசம். அவர்கள் நாளை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. தொழிற்சாலைப் பெண்களின் ஷிப்டை மாற்ற முடியும். கிளினிக் நாளில் அந்த அக்காவுக்குப் பின்நேர ஷிப்ட் போட்டேன். இதைச் செய்ய இத்தனை வருஷம் ஏன் பிடித்தது என்று யாராவது கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. மெஷினை இப்போது ஆபீசில் வைத்திருக்கிறேன். ஆளுக்கொரு கொப்பி என்று சொன்னதும் பழைய டிரையர் ரெஜிஸ்டரில் எழுதாமல் கிடந்த தாள்களைக் கிழித்துத் தைத்துக்கொண்டார்கள். கோடு போட்ட கட்டங்களில் 'உள் வெப்பம்', 'வெளி வெப்பம்' என்று அச்சடித்திருக்கும். அதற்கு நேரே மேல் பிரஷரும் கீழ்ப் பிரஷரும் எழுதுகிறோம்.

இன்று காலை என் தாளில்: உள் வெப்பம் 134, வெளி வெப்பம் 84.