முகத்தில் கரண்ட் அடிக்கும் வலியும் அதற்கான மாத்திரைகளும்

நரம்பு வலிக்கு மாத்திரை ஆரம்பித்துவிட்டு, "எனக்குச் சேரவில்லை" என்று பாதியில் விட்டுவிடுகிறவர்களைக் கோத்தகிரிப் பக்கம் நிறையப் பார்க்கிறேன். நானும் இந்த மாத்திரைகளோடுதான் வாழ்கிறேன். சரியான மருந்தும் சரியான அளவும் பிடிபடக் கொஞ்ச காலம் ஆகும். அதுவரை விடாமல் டாக்டரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வந்தது ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, அதாவது முகத்துக்கு உணர்வு தரும் நரம்பில் வரும் வலி. வலது கன்னத்திலும் மேல்தாடையிலும் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. சில நொடிதான், ஆனால் பொறி கலங்கிவிடும். அடுத்தடுத்து நாலைந்து வெட்டு வரும், அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும். பல் தேய்த்தால் வரும், ஷேவ் பண்ணினால் வரும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் வரும். எல்லாவற்றையும் விட மோசம் காற்று. சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை எடுத்து ஃபேக்டரியில் சேர்க்கும் பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். மூடுபனியில் கண்ணாடியை முழுக்க ஏற்றினால் உள்ளே ஆவி படிந்து ரோடு தெரியாது. கொஞ்சம் இறக்கினால் காற்று நேராக வலது கன்னத்தில்தான் அடிக்கும். கட்டபெட்டு தாண்டும்போது ஒரு வெட்டு வந்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பேன். பேசக்கூட முடியாது.

முதலில் பல் வலி என்றுதான் நினைத்தார்கள். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். பல் போனது, வலி போகவில்லை. இந்த நோயில் இப்படி நல்ல பல்லைப் பறிகொடுத்தவர்கள் பலர் உண்டு என்று பிறகு தெரிந்தபோது கோபமே வந்தது. பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் எதற்கும் கேட்கவில்லை. அவை அடி, வீக்கம் போன்றவற்றால் வரும் வலிக்கானவை. இங்கே நரம்பே தவறாக வலிச் சமிக்ஞை அனுப்புகிறது.

கோயம்புத்தூரில் பார்த்த நரம்பியல் டாக்டர் முதலில் கேட்டது, வலி எப்படி இருக்கிறது என்றுதான். எரிச்சலா, வெட்டா? எவ்வளவு நேரம்? எது தொட்டால் வருகிறது? நான் சொன்னதிலேயே அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்தது கட்டி போன்ற வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்ய. மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அந்த நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அப்படி அழுத்தி அழுத்தி நரம்பின் மேலுறை தேய்வதால்தான் இந்த வெட்டு.

கொடுத்தது கார்பமாசெபின். வலிப்பு நோய் மாத்திரை அது. 1962 முதல் இந்த முக வலிக்கும் பயன்படுகிறது. மருந்துக்கடையில் "ஃபிட்ஸ் மாத்திரை ஆச்சே, உங்களுக்கா?" என்று கேட்டால் பயப்படாதீர்கள். காலையில் 100 மில்லிகிராம், இரவில் 100 என்று தொடங்கி, சில நாளுக்கொரு முறை ஏற்றினார். முதல் வாரமே வெட்டுகள் குறைந்தன. அந்த நிம்மதியை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆனால் தலை கிறுகிறுத்தது, நடை தள்ளாடியது. அளவு நிலைக்கும் வரை வண்டி ஓட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இலை எடை போடும் இடத்தில் நின்றேன், வண்டியைத் தம்பி ஓட்டினான். மலை ரோட்டில் இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கொஞ்ச நாளில், அதே அளவு மாத்திரை சாப்பிட்டும் வலி மறுபடி தலைகாட்டியது. மருந்து தோற்றுவிட்டது என்று பலர் நிறுத்துவது இந்த இடத்தில்தான். இந்த மருந்து தன்னையே வேகமாகக் கரைக்கும்படி ஈரலைப் பழக்கிவிடுமாம். அதனால் அளவைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உடம்பில் தடிப்பு வந்தால், வாயில் புண் வந்தால் மட்டும் மாத்திரையை அப்படியே நிறுத்திவிட்டு உடனே ஓடி வரச் சொன்னார். முதல் சில மாதங்களில் தோலையே உரித்துவிடும் ஆபத்தான ஒவ்வாமை அரிதாக வரும். இந்தியர்கள் உட்பட ஆசிய மக்களில் சிலருக்கு மரபணுவிலேயே அந்த வாய்ப்பு அதிகம். அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு, தொடங்கும் முன்பே கேளுங்கள்.

பின்னால் எனக்கு ஓயாத அசதி. ரத்தத்தில் சோடியம் இறங்கியிருந்தது. அதுவும் இந்த மருந்தின் வேலை. போதாததற்கு என் பிரஷர் மாத்திரையிலும் சோடியத்தைக் குறைக்கும் மருந்து கலந்திருந்தது. அதை மாற்றியதும் தெளிந்தேன். எந்த டாக்டரிடம் போனாலும் நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

இன்னொன்று. பக்கத்து வீட்டு அண்ணன் சர்க்கரைக்காரர், பாதம் எரிச்சலுக்கு பிரீகாபலின் சாப்பிடுகிறார். என் மாத்திரை நன்றாகக் கேட்கிறதென்று அதில் இரண்டு கேட்டார். கொடுக்கவில்லை. சர்க்கரை எரிச்சலுக்குப் பெரும்பாலும் பிரீகாபலின், டுலாக்செடின், அமிட்ரிப்டிலின் வகைதான் தருவார்கள். அக்கி வந்து போன பிறகும் எரியும் என் பெரியம்மாவுக்கு இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின். அது மனச்சோர்வுக்கான மருந்து என்று யாரோ சொல்லி அழுதுவிட்டார். குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் அதையே தருவார்கள் என்று உட்கார வைத்து விளக்கினோம். கபாபென்டின் என்ற இன்னொரு நரம்பு வலி மாத்திரையைச் சேர்ப்பதற்கு முன் அவருடைய சிறுநீரகத்தைச் சோதித்தார்கள். அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும்.

கார்பமாசெபின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆக்ஸ்கார்பசெபின் இருக்கிறது. அது சோடியத்தை இன்னும் இறக்கக்கூடும். தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பாக்லோஃபென் மாத்திரையைச் சேர்த்துத் தருவதும் உண்டு. மருந்து கைவிட்டால், அந்த ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கி வைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது என்றார் என் டாக்டர். இப்போதைக்கு எனக்குத் தேவைப்படவில்லை. மஃப்ளரைக் காது வரை சுற்றிக்கொண்டு மறுபடி வண்டி ஓட்டுகிறேன். அளவைக் குறைத்துப் பார்க்கலாமா என்று போன முறை கேட்டேன். பனிக்காலம் முடியட்டும், சித்திரையில் மெல்லக் குறைப்போம், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார்.