வேங்கியும் ராய்ச்சூரும்: தக்காண வரலாற்றைத் தேர்வுக்குப் படித்த முறை

குரூப் 1 தேர்வுக்குப் படிப்பவர்களில் பலர் குப்தர்களையும் முகலாயர்களையும் தெளிவாகச் சொல்லிவிட்டு, இடைப்பட்ட தக்காண அரசுகளுக்கு வரும்போது தடுமாறுகிறார்கள். சாளுக்கியர் என்ற ஒரே பெயரில் பாதாமி, வேங்கி, கல்யாணி என மூன்று மரபுகள் வருகின்றன. புலிகேசி, விக்கிரமாதித்தன், சோமேசுவரன் என்று அரசர்களின் பெயர்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. எனவே, மரபுவாரியாக அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, அந்த அரசர்கள் எந்த நிலத்துக்காகப் போரிட்டார்களோ அதை மையமாக வைத்து இப்பகுதியைப் படித்தேன். பலன் கிடைத்ததால் இங்கே பகிர்கிறேன்.

ஒரு வெற்று வரைபடத்தில் கோதாவரி, கிருஷ்ணா, துங்கபத்திரை, காவிரி ஆகிய நான்கு ஆறுகளை மட்டும் வரைந்துகொள்ளுங்கள். கிருஷ்ணாவுக்கும் துங்கபத்திரைக்கும் இடையிலுள்ள ராய்ச்சூர் ஆற்றிடைப் பகுதியையும், கிருஷ்ணா, கோதாவரி கழிமுகங்களை ஒட்டிய வேங்கி நாட்டையும் வண்ணமிட்டால், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் போர்களில் பெரும்பகுதிக்கு அந்த இரண்டு நிலங்களே காரணமாக இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

வேங்கியை எடுத்துக்கொள்வோம். ஏழாம் நூற்றாண்டில் அதைக் கைப்பற்றிய பாதாமிச் சாளுக்கிய அரசன் இரண்டாம் புலிகேசி, தன் தம்பி குப்ஜ விஷ்ணுவர்த்தனனிடம் ஒப்படைத்தான். கீழைச் சாளுக்கிய மரபு அங்கிருந்து கிளைத்தது. முதலாம் ராஜராஜன் தன் மகள் குந்தவையை வேங்கியின் விமலாதித்தனுக்கு மணம் செய்வித்தான். அவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரனுக்கு முதலாம் ராஜேந்திரனின் மகள் அம்மங்கை மனைவியானாள். அவர்கள் மகனே 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். இந்த ஒரு கொடிவழியைப் புரிந்துகொண்டவருக்குக் வேங்கியைத் தம் பக்கம் வைத்திருக்க விரும்பிய கல்யாணிச் சாளுக்கியர் சோழரோடு ஏன் தலைமுறை தலைமுறையாக மோதினர் என்பதும், 1054இல் கொப்பத்துப் போரில் சோழ அரசன் ராஜாதிராஜன் யானைமேல் உயிர்விட, அவன் தம்பி இரண்டாம் ராஜேந்திரன் களத்திலேயே முடிசூடும் அளவுக்கு அந்தப் பகை ஏன் முற்றியது என்பதும் தானாக விளங்கும்.

அடுத்து, ஆண்டுகளைத் தனியாகப் படிக்காமல் கல்வெட்டுகளோடு சேர்த்துப் படியுங்கள். ஐஹோளே மேகுடி சமணக் கோயில் சுவரில் ரவிகீர்த்தி பாடிய சமஸ்கிருதக் கல்வெட்டு, சக ஆண்டு 556 என்று தன் காலத்தைத் தானே சொல்கிறது, அதாவது கி.பி. 634-35. ஹர்ஷனை இரண்டாம் புலிகேசி வென்றது, பல்லவரை அவன் எதிர்த்தது ஆகிய செய்திகளோடு, காளிதாசன், பாரவி ஆகியோரின் பெயர்களையும் அது குறிப்பிடுவதால், அவ்விருவரும் அந்த ஆண்டுக்கு முற்பட்டவர்கள் என்பதும் உறுதியாகிறது. ஒரே கல்வெட்டிலிருந்து அரசியல், இலக்கியம், சமயம் என மூன்று தலைப்புகளுக்கு வினா எழலாம்.

பல்லவரின் காஞ்சிக்கும் சாளுக்கியரின் வாதாபிக்கும் (பாதாமியின் பழைய பெயர்) இடையிலான பகையையும் இப்படியே படித்தேன். 642ஐ ஒட்டி முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றி ‘வாதாபிகொண்டான்’ எனப் பெயர் பெற்றான். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தபோது, கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டும் கவராமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்ததாக, அக்கோயில் மண்டபத் தூண் ஒன்றில் கன்னடத்தில் பொறித்து வைத்தான். அவனுடைய அரசி லோகமகாதேவி அந்த வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் காஞ்சிக் கோயிலின் சாயல் இருக்கிறது. முடிந்தால் காஞ்சிபுரம் சென்று அந்தத் தூணை நேரில் பாருங்கள். தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு அது எளிதில் கிடைக்கும் வாய்ப்பு.

பாதாமிச் சாளுக்கியருக்குப் பின் தக்காணத்தை ஆண்ட ராஷ்டிரகூடருக்கு அதிக நேரம் வேண்டாம். தந்திதுர்க்கன், எல்லோரா கைலாசநாதர் கோயிலின் முதலாம் கிருஷ்ணன், மான்யகேடத்தின் அமோகவர்ஷன், 949இல் தக்கோலத்தில் சோழரை வென்ற மூன்றாம் கிருஷ்ணன் ஆகிய நால்வரையும் உறுதியாகப் படித்தால் முதல்நிலைத் தேர்வுக்குப் பெரும்பாலும் போதும்.

ராய்ச்சூருக்கு மாறாக நிறைய நேரம் கொடுங்கள். 1336இல் விஜயநகரமும் 1347இல் பாமினி அரசும் எழுந்தபின் அந்த ஆற்றிடை நிலம் கை மாறிக்கொண்டே இருந்தது. 1520இல் கிருஷ்ணதேவராயர் பிஜப்பூர் சுல்தானிடமிருந்து ராய்ச்சூரை மீட்டார். தக்காணச் சுல்தான்கள் கூட்டணி சேர்ந்து விஜயநகரத்தை வென்ற 1565 தலைக்கோட்டைப் போரைப் பற்றி முதன்மைத் தேர்வில் எழுதும்போது, அதை இரு சமயங்களின் மோதல் என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். அப்போது விஜயநகர ஆட்சியை நடத்திய ராமராயர் அதற்குமுன் சுல்தான்களில் ஒருவரோடு சேர்ந்து மற்றவரைத் தாக்கியவர். கோல்கொண்டாவின் இப்ராகிம் குதுப்ஷா அரியணை ஏறுவதற்குமுன் விஜயநகரத்தில் அடைக்கலம் புகுந்து பல ஆண்டுகள் வாழ்ந்தவர். தக்காணச் சுல்தானகங்களில் ஒன்றான பேரார் அந்தக் கூட்டணியில் சேரவே இல்லை. இந்த மூன்று செய்திகளையும் வரைபடத்தோடு எழுதி, கூட்டணிகளை நிலமும் கோட்டைகளும் எப்படித் தீர்மானித்தன என்று விளக்குங்கள். திருத்துபவர் தேடுவது அந்த விளக்கத்தைத்தான்.